ஆக்சிஜன் மெஷினைத் திருகாதீங்க: நம்ம கோயில் பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் சாம்பிராணித் தட்டை முன்மண்டபத்துக்குக் கொண்டு வராமல் பின்பக்கம் வாசல் ஓரமா வைத்தோம். அதுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. "புகை இல்லாத கோயில் என்ன கோயில்?" என்று ஒருவர். "ஒரு ஆளுக்காக ஊருக்கே வழக்கத்தை மாத்துவாங்களா?" என்று இன்னொருவர். ஒரு அம்மா நேரிலேயே வந்து, "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தப் புகையிலதான் நிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோபம் நியாயம்தான், காரணத்தை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லையே. இப்போது சொல்கிறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. அண்ணனும் அவங்க வீட்டு அக்காவும் சம்மதம் தந்த பிறகுதான் எழுதுறோம். பெயர் போடவில்லை, வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும்.

அண்ணன் நம்ம அன்னதானக் கூடத்தில் பல வருஷமா சாம்பார் பொறுப்பு. அறுபது தாண்டியவர். சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆச்சு, ஆனால் அதுக்கு முன்னாடி முப்பது வருஷத்துக்கு மேல பிடிச்சவர். அன்று இரவு பாத்திரம் கழுவுற இடத்தில் நின்றபடியே சரிந்து விழுந்தார்.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லணும். ஆளாளுக்கு ஓடி வந்தோம். ஒருவர் விசிறினார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் தீர்த்தச் சொம்பை எடுத்து வாயில் ஊற்றினார். "மூச்சு வருது, மூச்சு வருது" என்று ஒரு தம்பி கத்தினான். வந்தது கொர்ர் கொர்ர் என்று ஒரு இழுப்பு, நடுவில் பெரிய இடைவெளி. அது மூச்சு இல்லை. இருதயம் நின்ற பிறகும் ஒரு சில நிமிடம் உடம்பு அப்படி இழுக்கும். அதை மூச்சு என்று நம்பி சும்மா நிற்பதால்தான் நிறைய பேர் போய்விடுகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

எங்களில் இரண்டு பேர் ஃபேக்டரியில் முதலுதவி வகுப்பு படித்தவர்கள். அவர்கள்தான் கூட்டத்தை விலக்கி, 999-க்குப் போன் போடச் சொல்லி, நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து செண்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை. பார்க்கச் சுலபமா இருக்கும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆள் மாற்ற வேண்டும். விலா எலும்பு 'டக்' என்று உடையும் சத்தம் கேட்டது. ஒரு அக்கா அழுதுகொண்டே "விடுங்கடா, சாகடிக்கிறீங்களே" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். போனில் இருந்தவர் நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. முதல் ஷாக்கில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில் நாடி வந்தது.

இங்கே ஒரு விஷயம். மாரடைப்பு வேறு, இருதயம் நின்று போவது வேறு. ஃபேக்டரி பாஷையில் சொன்னால் முதலாவது பைப் அடைப்பு, இரண்டாவது பம்ப் நின்று போவது. அடைப்பினால் பம்ப் நிற்கலாம், வேறு காரணத்தாலும் நிற்கலாம். 2021 ஜூன் 12-ந் தேதி கோப்பன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் பந்து விளையாடும்போதே விழுந்ததை டிவியில் பார்த்தோமே, அதுதான் இது. திடலிலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தில் மறுபடியும் ஆட வந்துவிட்டார். திடீரென்று இப்படி விழுந்தவர் உடம்பில், முதல் சில நிமிடத்துக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கத்தான் செய்யும். அது ஓடாது, அவ்வளவுதான். மூளைக்கு நாலைந்து நிமிடம்தான் தாங்கும். அந்த நேரத்தில் விசிறியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். ஓட்டிவிட ஒரு ஜோடி கை வேண்டும்.

வாயில் ஊற்றிய தீர்த்தம் எங்கே போனது? நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது. அது நேரா நுரையீரலுக்குப் போகும். வயிற்றில் இருந்த சாப்பாடும் மேலே ஏறி அதே வழியில் இறங்கும். அண்ணனுக்கு மூன்றாவது நாள் நுரையீரலில் கிருமி பிடித்தது. தீர்த்தத்தால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது, இருதயம் நின்று பிழைத்தவர்களுக்கு நிமோனியா வருவது சகஜம்தான் என்று டாக்டர் சொன்னார். ஊற்றியவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவர். இன்றைக்கும் அந்தச் சொம்பைத் தொட மாட்டேன் என்கிறார். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். இந்தக் கதையில் வரும் தவறு எல்லாமே நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்.

இருதயம் திரும்ப அடிக்க ஆரம்பித்ததும் எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆனால் நர்ஸ்மார்களுக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். நுரையீரலுக்கு எத்தனை பக்கமிருந்து அடி விழுந்திருக்கிறது பாருங்கள். உள்ளே போன தண்ணீரும் சாப்பாடும் ஒன்று. இருதயம் பலவீனமாக அடிப்பதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருந்ததால் இருமலே இல்லாமல் சளி தேங்கியது ஒன்று. அதற்கு மேல் உடைந்த விலா. மூச்சை ஆழமா இழுத்தால் குத்தும், அதனால் மேலோட்டமாகவே இழுப்பார். மேலோட்டமா இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அங்கே சளி தங்கும். சளி தங்கினால் கிருமி. பழைய சிகரெட் கணக்கு வேறு இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி பிசியோதெரபி வேலை பார்க்கிறவர். அவர்தான் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஊதுவதற்கு என்று நினைத்து எல்லாரும் ஊதுவார்கள். அதை உறிஞ்ச வேண்டும். மெதுவா உறிஞ்சி, பந்தை மேலே நிறுத்தி, விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம், பத்துப் பத்துத் தடவை என்று அண்ணனுக்குச் சொல்லியிருந்தார்கள். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும், அப்போது விலா அவ்வளவாகக் குத்தாது. தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வேண்டும். டாக்டர் சரி என்றதும் எழுந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும். அண்ணனுக்கு முதல் நாள் ஒரு பந்துகூட ஏறவில்லை. "நாப்பது பேருக்குச் சாம்பார் தூக்குன எனக்கு இந்தப் பந்து ஏற மாட்டேங்குது பாரு" என்று அழுதார்.

வார்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்த அடுத்த தவறு. பார்க்கப் போனபோது பிரசாதம் கொண்டு போனோம். சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, தீர்த்தம் ஒரு மடக்கு. அக்காவும் ஆசையாக ஊட்டினார்கள். அண்ணன் புரையேறி முகம் சிவந்து போனார். நர்ஸ் ஓடி வந்து எங்களைத் திட்டினார். கட்டிலுக்கு மேலே எழுதித்தான் இருந்தது, கெட்டியாக்கிய திரவம் மட்டும் என்று. தொண்டையில் பல நாள் குழாய் இருந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், சோதித்துப் பார்த்த பிறகுதான் சாதாரணத் தண்ணீர் கொடுப்பார்கள். எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் விபூதி மட்டும்தான் கொண்டு போகிறோம், அதையும் நெற்றியில் மெல்லத் தொட்டு வைக்கிறோம். மூக்குக்கு நேரே ஊதி விடுவதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

அண்ணன் வீடு திரும்பும்போது ஒரு ஆக்சிஜன் மெஷின் கூடவே வந்தது. சிலிண்டர் இல்லை, கரண்டில் ஓடும் கான்சென்ட்ரேட்டர். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அந்த நைட்ரஜனை மெஷின் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் குழாயில் அனுப்பும். முன்பக்கம் ஒரு குமிழ். திருகினால் உள்ளே ஒரு சின்ன உருண்டை ஏறும், எத்தனை லிட்டர் என்று காட்டும். அண்ணனுக்கு ஒரு லிட்டர் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88-லிருந்து 92-க்குள் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தத் தாள் ஆங்கிலத்தில், ஐஸ்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில். படித்தவர் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் பார்க்கப் போனோம். ஆறு பேர் போனதே அதிகம். எங்களில் ஒருவர் ஆக்சிமீட்டரைப் பார்த்தார். 90. பதறிப் போனார். ஏன் பதற மாட்டார்? 2021-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் யாராவது அந்த எண்ணை மறந்திருப்போமா? ஜூலை மாதம் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நிரம்பி வழிந்தது. கட்டம் நான்கு என்றால் ஆக்சிஜன், கட்டம் ஐந்து என்றால் வென்டிலேட்டர் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கினோம். 95-க்குக் கீழே போனால் ஓடு என்று மனப்பாடம் செய்தோம். அதே வருஷம் இந்தியாவில் ஆக்சிஜன் கிடைக்காமல் மக்கள் தெருவில் தவித்ததையும், டெல்லி பக்கம் காஸியாபாத்தில் ஒரு குருத்வாராவில் அன்னதானம் போல ஆக்சிஜன் கொடுத்ததையும் பார்த்து நாமெல்லாம் கண் கலங்கினோம். அந்த வருஷம் நம் மனசில் பதிந்தது இதுதான்: ஆக்சிஜன் என்றால் உயிர், எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அந்த நினைப்பில்தான் எங்கள் நண்பர் குமிழை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருகினார். எண் ஏறியது. 95, 96, 97. எல்லாரும் மகிழ்ந்தோம். "பாத்தீங்களா, இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடித்துக் கிளம்பினோம். குமிழைத் திருப்பி வைக்கவில்லை.

இரவு அண்ணன் தலைவலி என்றார். பிறகு தூங்கிக்கொண்டே இருந்தார். அக்கா எழுப்பினால் ஏதோ சம்பந்தம் இல்லாமல் பேசினார், மறுபடி தூங்கினார். விரலில் எண் 98. அதனால் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை, நல்லா தூங்குறார் என்று விட்டுவிட்டார்கள். விடியற்காலை மகன் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு 999-க்குப் போன் போட்டான்.

டாக்டர் விளக்கியது இது. பல வருஷம் சிகரெட்டில் அடிபட்ட சில நுரையீரலில் கரியமில வாயு சரியாக வெளியே போகாது. அப்படிப்பட்டவருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் அந்த வாயு இன்னும் தேங்கும். தலைவலி, தூக்கம், உளறல், கடைசியில் மூச்சே நின்று போகும். விரல் மெஷின் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், தேங்கிய வாயுவைக் காட்டாது. அதனால்தான் அவருக்கு 88-லிருந்து 92. நமக்குக் குறைவு என்று தோன்றும் 90, அவருக்குச் சரியான எண். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடிபட்ட நுரையீரலுக்கு மட்டும்தான் இது, மற்றவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே என்று கேட்டோம். அதுவும் இல்லையாம். பிசியோ தங்கச்சி சில ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொன்னார். 2010-ல் அமெரிக்காவில் 120 மருத்துவமனைகளில் இருதயம் நின்று பிழைத்து வந்த ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் மிதமிஞ்சி இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். சரியான அளவில் இருந்தவர்களில் 45 சதவீதம். குறைவாக இருந்தவர்களில் 57. அதிகமாகக் கொடுத்ததால்தான் இறந்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ரொம்ப முடியாமல் இருந்தவர்களுக்கு அதிகமாகக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் ஆரம்பத்திலேயே குறைத்துவிடலாமே என்று ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸிலேயே குறைத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. 98-லிருந்து 100 வரை வைத்திருந்தவர்களில் 47.9 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 90-லிருந்து 94 வரை குறைத்தவர்களில் 38.3 சதவீதம்தான். அதே வருஷம் டென்மார்க்கில் ஐ.சி.யூ-வில் இரண்டு அளவுகளை ஒப்பிட்டதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஆரம்பத்தில் தாராளமாகக் கொடுத்து, ரத்தத்தில் சரியாக அளக்க முடிந்த பிறகு 94-லிருந்து 98-க்குள் வருமாறு டாக்டர்கள் குறைப்பார்கள் என்பது பொதுவான வழக்கம். ஆள் பார்த்து மாறும்.

மிஞ்சினால் ஏன் கெடுதல் என்றால், அதிக ஆக்சிஜன் இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயையே சுருக்குமாம். செல்களையும் அரிக்குமாம். இரும்பு துருப்பிடிப்பதே ஆக்சிஜனால்தானே. அதோடு, காற்றில் இருக்கும் நைட்ரஜன் வீண் இல்லையாம், நுரையீரலின் சின்னச் சின்னப் பைகளை விரித்து வைத்திருப்பதில் அதுக்குப் பெரிய பங்கு. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போய்விடும், நைட்ரஜன் தங்கி நிற்கும். சுத்த ஆக்சிஜனே உள்ளே போனால் பைகள் காலியாகிச் சுருங்கிப் போகும். பிறந்த குழந்தைகள் விஷயத்தில் உலகம் இதை ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் படித்தது. 1940-களிலும் 50-களிலும் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கண் பார்வை போனது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அப்படிப் பார்வை இழந்தவர்தான். அங்கேயும் கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு, ஆக்சிஜனே கெடுதல் போல என்று மெஷினை நிறுத்தி வைத்துவிடாதீங்க. ஏற்கனவே ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டார். எழுதிக் கொடுத்த அளவு எழுதிக் கொடுத்தபடி. மாத்திரையை நாம் இஷ்டத்துக்கு ஐந்து மடங்கு விழுங்குவோமா? விழுங்காமல் விடுவோமா? மூச்சு முட்டினாலோ, எண் எழுதிய அளவுக்குக் கீழே போய் ஏறாமல் நின்றாலோ டாக்டருக்கோ 999-க்கோ கூப்பிட வேண்டும். அதே போல எண் நன்றாக இருந்தும் ஆள் தூங்கி வழிந்தால், குழம்பிப் பேசினால், அப்போதும் கூப்பிட வேண்டும். அக்கா இப்போது அந்தத் தாளைத் தமிழில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது நாங்கள். குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'இதைத் தொட வேண்டாம், யாராக இருந்தாலும்.'

அடுத்தது நெருப்பு. இதில் எங்களுக்கு ஃபேக்டரி அனுபவம் உண்டு. வெல்டிங் பகுதியில் ஆக்சிஜன் சிலிண்டர் வால்வை எண்ணெய்க் கையோடு தொட்டால் அந்த ஆளை அன்றைக்கே வேலையிலிருந்து மாற்றிவிடுவோம். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் இருப்பது எதுவானாலும் அதைச் சட்டென்று பிடிக்க வைத்து, வேகமாக எரிய வைக்கும். மூக்குக் குழாயிலிருந்து வருவது அவர் சட்டை, போர்வை, தலைமுடி எல்லாவற்றிலும் ஊறி நிற்கும். இந்த நிலையில் அண்ணன் வீட்டுக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்? திருஷ்டி கழிக்கிறோம் என்று கற்பூரத்தை ஏற்றி முகத்துக்கு மூன்று சுற்று சுற்றினார்கள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. சாமி காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மெஷின் ஓடும் அறையில் கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு, சிகரெட் எதுவும் வேண்டாம். சாமி விளக்கு வேறு அறையில், குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். இடம் இல்லாத ஃப்ளாட் வீடு என்றால் பேட்டரி விளக்கு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். மூக்கு காய்ந்துபோகிறது என்று வாசலினோ, சளிக்கு என்று கோடாலித் தைலமோ குழாய் பக்கம் தடவாதீர்கள், எண்ணெய்ப் பசை உள்ளது ஆகாது. தண்ணீர் கலந்த ஜெல் கடையில் கிடைக்கும், மருந்துக்கடையில் கேளுங்கள்.

இப்போது சாம்பிராணிக்கு வருகிறோம். தட்டில் அடியில் இருப்பது கரி. கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால் சாதாரண விரல் மெஷினுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எண் நன்றாகவே காட்டும். அதோடு புகையில் வரும் நுண்துகள். 2005 ஆகஸ்ட்டில் புகைமூட்டம் வந்து கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, குறியீடு 500-ஐத் தாண்டியதே, அந்த நாட்களில் நம்ம வீட்டுப் பெரியவர்கள் எப்படி இருமினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புகைமூட்டம் வந்தால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம், முகமூடி போடுகிறோம், பள்ளிக்கூடத்தை மூடச் சொல்கிறோம். மூடிய மண்டபத்துக்குள் நாமே போடும் புகைக்கு மட்டும் நுரையீரல் கும்பிடு போடுமா?

நிறுத்தச் சொல்லவில்லை. தயவுசெய்து இதைச் சரியாகப் படியுங்கள். சாம்பிராணி உண்டு, தூபம் உண்டு, தீபாராதனை உண்டு. குருக்கள் ஐயாவிடம் கேட்டுத்தான் செய்தோம், மூலஸ்தானத்தில் நடக்க வேண்டியது எதிலும் கை வைக்கவில்லை. பெரிய தட்டு காற்றோட்டம் உள்ள பின்வாசலில் இருக்கும், விரும்புகிறவர்கள் அங்கே போய்க் காட்டிக்கொள்ளலாம். முன்மண்டபத்தின் வலதுபக்கம், மின்விசிறிக்குக் கீழே பத்து நாற்காலி புகை வராத இடம். ஒரு ஆளுக்காக என்றார்களே, அந்தப் பத்து நாற்காலியும் இரண்டே வாரத்தில் நிரம்பிவிட்டது. ஆஸ்துமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வருகிறார். பைபாஸ் செய்த ஐயா ஒருவர் மூன்று வருஷமாக வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர், இப்போது உள்ளே வந்து உட்காருகிறார். இத்தனை பேர் வெளியே நின்றிருக்கிறார்கள், தொண்டர்கள் என்று பேட்ஜ் குத்திக்கொண்ட எங்களுக்குத் தெரியவில்லை. இதில்தான் எங்களுக்கு வெட்கம்.

தாத்தா காலத்தைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு மரியாதையோடு ஒரு பதில். தாத்தா காலத்துத் தோட்டக் கோயில் நாலு பக்கமும் திறந்து கிடந்தது. நம்முடையது ஓடு, கண்ணாடி, பக்கத்தில் நெடுஞ்சாலை. தாத்தா காலத்தில் இருதயம் நின்றவர் திரும்பி வந்து உட்காரவும் இல்லை.

நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறோம். ஒன்று, திருவிழாவுக்கு முன் தொண்டர்கள் எல்லாருக்கும் நெஞ்சு அழுத்தும் பயிற்சி. பெண்களுக்கும் சேர்த்துத்தான், வீட்டில் விழுபவர் பக்கத்தில் பெரும்பாலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். இரண்டு, ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி மெஷின் ஒன்று. பெரிய மால்களில் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், திறந்தால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும். ஒவ்வொரு நிமிடம் தாமதிக்கும்போதும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் குறையும் என்கிறார்கள். விலை சில ஆயிரம் ரிங்கிட். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கும் காசில் ஒரு துளி. நிர்வாகத்தில் சிலர் யோசிக்கிறார்கள், யோசிக்கட்டும். ஆனால் தைப்பூசத்துக்கு நம்ம கோயிலிலிருந்து பஸ் எடுத்துப் பத்துமலைக்குப் போகிறோம். ராத்திரி எல்லாம் விழித்து, விரதத்தோடு, 272 படி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எண்ணிப் பார்த்தால் யோசிக்க ரொம்ப நேரம் ஆகாது.

அண்ணனுக்கும் அந்த ஆசை இருக்கிறது. படி ஏறணும் என்கிறார். டாக்டரிடம் கேட்டாராம், முதலில் வீட்டுப் படி என்று சொன்னாராம். வீடு இரண்டாவது மாடி. போன வாரம் ஒரு மாடி நிற்காமல் ஏறினார். பகலில் மெஷின் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள், தூங்கும்போது மட்டும் ஒரு லிட்டர். மூன்று பந்தில் இரண்டு நிற்கிறது.

வெள்ளிக்கிழமை வருவார், வலதுபக்கம் இரண்டாவது நாற்காலி. பூ கட்டிக்கொண்டு இருப்பார், சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். போய்க் கும்பிடுங்க, நலம் விசாரிங்க. ஆனால் சுற்றி நிற்காதீங்க, நின்றபடி கதை கேட்காதீங்க. பேசினால் இன்னும் மூச்சு வாங்குது, நீங்கள் கேட்டால் அவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.